யார் ஒதுங்குவது

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்த எச்சரிக்கையைக் கணக்கம்மா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்குப் பதினைந்து இருபது எச்சரிக்கைகள் வரும். வானத்தில் சுற்றுகிற பொருள்களை ரேடாரில் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மையம் அவற்றை அனுப்பும். உங்கள் செயற்கைக்கோளுக்கு அருகே பழைய ராக்கெட் துண்டு ஒன்று வருகிறது, உடைந்த தகடு வருகிறது, எப்போதோ கழன்றுபோன மூடி வருகிறது என்று. பெரும்பாலும் மறுநாளே பயமில்லை என்று ஆகிவிடும். இரண்டு தேநீருக்கு நடுவே பார்த்து முடிக்கிற வேலைதான்.

இது அப்படி முடியவில்லை. வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில், அவர்களுடைய செயற்கைக்கோளின் குறுக்கே இன்னொன்று கடக்கப் போகிறது. நடுவே நாற்பது மீட்டர்தான் இடைவெளி. மோதுவதற்கு எழுநூறில் ஒரு வாய்ப்பு. கணக்கம்மா தன் பங்குக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அதே விடைதான் வந்தது.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி வெள்ளைப் பலகையில் போட்ட கூட்டலைத் திருத்தப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் இது. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி அலுவலகம். எந்நேரமும் ரப்பர் வாசனை. பதினோரு பேர், மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா, வானத்தில் ஒரே ஒரு செயற்கைக்கோள். துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவுள்ள அது காட்டுத்தீயைத் தேடுகிற செயற்கைக்கோள். எங்கே புகைகிறது என்று அது சொல்லித்தான் சுற்றுவட்டாரத் தீயணைப்பு நிலையங்கள் வண்டியைக் கிளப்பும்.

"நாமளே கொஞ்சம் நகர்ந்துட்டா?" என்றார் முதலாளி. கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும். போன வருடம் நகர்த்தியபோது எரிபொருள் வால்வு மூடாமல் அடம்பிடித்து, மூன்று நாள் எல்லோர் உயிரையும் வாங்கியது. மறுபடி திறந்தால் மூடும் என்று சத்தியம் செய்ய ஆளில்லை. அதனால் கடைசிக் காலத்தில் கீழே இறக்குவதற்காக ஒரே ஒரு தடவைதான் திறப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

"திறந்தா அப்படியே இறக்கிட வேண்டியதுதான் சார்" என்றாள் கணக்கம்மா. "இன்னும் மூணு வருஷம் ஓட வேண்டியது."

"அப்போ அவங்கதான் நகரணும். யாரோடது அது?"

பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அவளே பேசினாள். வேறொரு நாட்டிலிருக்கும் சின்ன நிறுவனம். மணி பதினோரு தடவை அடித்த பிறகு, கரகரத்த குரலில் ஒருவர் எடுத்தார்.

"உங்க கட்டுப்பாட்டு அறை வேணும் சார்."

"கட்டுப்பாட்டு அறையா? நாற்காலி எல்லாம் ஏலத்துல போயாச்சும்மா. நான் மட்டும் இருக்கேன். சொல்லுங்க."

நிறுவனம் நொடித்துப்போய் நான்கு மாதமாகியிருந்தது. எல்லோரும் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் தினமும் வந்து ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தானே கம்பியை வளைத்துச் செய்த ஒரு சின்ன ஆன்டெனாவில் தங்கள் மூன்று செயற்கைக்கோள்களும் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் போவாராம். சம்பளமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணக்கம்மா மனதுக்குள் அவருக்குத் தோட்டக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"எந்த நம்பர்? மூணாவதா? அடடா. மூணுல அதுதான் சொன்ன பேச்சைக் கேக்கும்."

"நகர்த்த முடியுமா சார்?"

"எரிபொருள் தாராளமா இருக்கு. ஆனா நான் முடிவு பண்ண முடியாதே. ரிசீவர்தான் சொல்லணும்."

"எந்த ரிசீவர்? ஆன்டெனாவுல இருக்கிறதா?"

"கோர்ட் போட்ட ரிசீவர்ம்மா. கம்பெனி சொத்தெல்லாம் இப்போ அந்த அம்மா பொறுப்புல. அந்த ரிசீவர்ல சிக்னல் கிடைக்கிறது இன்னும் கஷ்டம்."

போனை வைத்ததும் கணக்கம்மா வக்கீலைத் தேடிப் போனாள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறவர். எங்கே உட்கார்ந்தாலும் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, இப்போதே கிளம்பப் போகிறவர் மாதிரி இருப்பார்.

"ரோட்டுல ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா யார் ஒதுங்கணும்னு சட்டம் இருக்கு இல்ல? அதே மாதிரி மேலயும் ஏதாவது இருக்கும், எடுங்க" என்றாள்.

"இல்லக்கா."

"இல்லைன்னா?"

"நிஜமாவே இல்ல. விண்வெளிச் சட்டத்துல நாடுகள் எப்படி நடந்துக்கணும்னு இருக்கு. தனியார் கம்பெனி எதையாவது மேல அனுப்பினா அந்த நாடுதான் பொறுப்புன்னு இருக்கு. உடைஞ்சு யார் தலையிலயாவது விழுந்துச்சுன்னா, யார் தப்புன்னு பார்க்காம அனுப்பின நாடு கொடுத்தாகணும். ஆனா மேலயே ஒண்ணோட ஒண்ணு மோதினா, யார் தப்புன்னு நிரூபிக்கணும். யார் ஒதுங்கணும்னே எழுதலைன்னா தப்பை எப்படி நிரூபிக்கிறது?"

"அப்போ எல்லாரும் எப்படித்தான் சமாளிக்கிறாங்க?"

"இப்ப நீங்க பண்ணீங்களே, அப்படித்தான். போன் பண்ணி."

அவர் அதோடு விட்டுவிடவில்லை. வெளியுறவு அலுவலகத்தில் யாரையோ பிடித்துப் பேசினார். இரு நாடுகளும் கலந்தாலோசிக்க வழி இருக்கிறதாம். கடிதம் கொடுத்தால் மூன்று வாரத்தில் நடக்குமாம். இவர்களிடம் மூன்று நாள்தான் இருந்தது.

அன்று பிற்பகல் ரிசீவரம்மா கிடைத்தார். கணக்கம்மா அரை மணி நேரம் பேசினாள். வினாடிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் என்ன ஆகும், எத்தனை ஆயிரம் துண்டுகள் சிதறும், அவை எத்தனை வருடம் சுற்றும், எழுநூறில் ஒன்று என்பது ஏன் சின்ன எண் அல்ல என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"எழுநூறில் அறுநூத்தித் தொண்ணூத்தொன்பது தடவை ஒண்ணும் ஆகாது. அப்படித்தானே?"

"கணக்குப்படி அப்படித்தான் மேடம், ஆனா..."

"எரிபொருள் எவ்வளவு மிச்சமோ அதை வச்சுத்தான் அந்த மூணுக்கும் விலை. அதைத் தொடாம வாங்கறவங்க கையில ஒப்படைக்கணும்னு எனக்கு உத்தரவு. எனக்குப் புரியாத விஷயத்துல நான் கையெழுத்து போடறதில்ல. தப்பா நினைக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது கணவர் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டிடத்தில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் அவருடைய போன்தான் அடிக்கும். அவள் பையைக்கூட இறக்காமல் நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"அவங்க முட்டாள் இல்லைங்க. அதான் எனக்கு எரிச்சல். முட்டாளா இருந்தா மனசை ஆத்திக்கலாம்."

"நீ எவ்வளவு நேரம் பேசின?"

"அரை மணி நேரம்."

அவர் சிரித்துவிட்டார். "லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட நான் அரை மணி நேரம் கயிறு எத்தனை டன் தாங்கும், பிரேக் எப்படிப் பிடிக்கும்னு பேசினா என்ன ஆகும்? இன்னும் பயந்து போவாங்க. எந்த மாடின்னு கேப்பேன். கதவைப் பிடிச்சு இழுக்காதீங்கன்னு சொல்லுவேன். எந்தப் பட்டனை எப்ப அழுத்தணும்னு சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அவங்க லிஃப்ட்ல மாட்டலையே."

"மாட்டியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத மிஷின், கையில பொறுப்பு, வெளிய நின்னு ஒரு ஆளு கணக்கு ஒப்பிக்குது. வேற எப்படி இருக்கும்?"

அவள் முறைத்துக்கொண்டே அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி மீதி வெங்காயத்தை நறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை வக்கீலும் அவளும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். நான்கு பக்கமாக இருந்ததை அவள் அடித்து அடித்து ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். வக்கீலுக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டும்போது தன் விரலை வெட்டுவது போலிருந்தது. அதை அனுப்பிவிட்டு ரிசீவரம்மாவுக்குப் பேசினாள்.

"மேடம், நேத்து நான் ரொம்பப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. இன்னிக்கு ரெண்டே நிமிஷம். அதை நகர்த்த ஒரு டீ கிளாஸ்ல கால்வாசி எரிபொருள்கூட ஆகாது. விலை குறையாது. நீங்க செய்ய வேண்டியது அந்தக் கடிதத்துல கீழ ஒரு கையெழுத்து. நாளைக்கு மதியத்துக்குள்ள வேணும்."

"நாளைக்கு யாராவது சொத்தை ஏன் தொட்டேன்னு கேட்டா?"

வக்கீல் போனுக்கு அருகே குனிந்தார். "மோதப் போகுதுன்னு நேத்து எங்க கம்பெனி உங்ககிட்ட சொல்லிடுச்சு மேடம். சொல்லியும் தொடாம விட்டு மோதினா, ஏன் தொடலைன்னு ரெண்டு நாடு கேக்கும். தப்பு யாரோடதுன்னு அப்ப தேட வேண்டியிருக்காது. தொட்டதுக்குக் காரணம் அந்த ஒரு பக்கத்துல இருக்கு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இதை நீங்க நேத்தே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார் ரிசீவரம்மா.

அன்றே பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து வந்தது. முதலாளி கைதட்டினார். கணக்கம்மா உடனே தோட்டக்காரரை அழைத்தாள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு சிக்கல்ம்மா. எங்களுக்குன்னு பெரிய ஆன்டெனா கிடையாது, வாடகைக்கு எடுத்திருந்தோம். பாக்கிக்காக நிறுத்திட்டாங்க. உத்தரவு கிடைச்சா திறந்து விடுவாங்கன்னு நினைச்சேன். இப்பத்தான் கேட்டேன். புது ஒப்பந்தம் போடணுமாம், பத்து நாள் ஆகுமாம். என் கம்பி ஆன்டெனால கேக்கத்தான் முடியும், பேச முடியாது."

கணக்கம்மா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேலே அவர்களுடைய ஆன்டெனா சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம்கூட அதற்கு வேலை இல்லை.

"எங்க ஆன்டெனால இருந்து அனுப்பினா உங்க மூணாவது பொண்ணு கேக்குமா?"

"கட்டளையை நான் இங்க பூட்டித் தர்றேன். அதைத் திறக்கிற சாவி அது கிட்ட இருக்கு. யார் அனுப்பினாலும் கேக்கும்" என்றார் அவர். பிறகு தயங்கினார். "ஆனா உங்க ஊர்ல எங்க அலைவரிசையில பேச உங்களுக்கு அனுமதி இருக்கா?"

இல்லை. அலைவரிசை அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வக்கீல் தலையில் ஹெல்மெட்டை மாட்டினார். அந்த அலுவலகத்தில் அன்று மாலை வரை ஒரு மர பெஞ்சிலும், மறுநாள் காலை அதே பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் உங்கள் செயற்கைக்கோளின் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுடையது இல்லை என்று அவர் எழுத, அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உங்களோடது இல்லைன்னா நீங்க எதுக்கு அது கூடப் பேசணும்?"

"ஒதுங்கச் சொல்றதுக்கு சார்."

அதிகாரி உள்ளே போனார், வெளியே வந்தார், யாருக்கோ போன் செய்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு, இரண்டு நாளைக்கு மட்டும் செல்லும் அனுமதி முத்திரையோடு கைக்கு வந்தது.

அன்று பிற்பகல் அந்தச் செயற்கைக்கோள் இரண்டு தடவை தலைக்கு மேலே கடக்கும். இரண்டு பத்துக்கு ஒருமுறை, மூன்று நாற்பத்தாறுக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அவ்விரண்டிலும் நடக்கவில்லை என்றால், மாலை ஆறு மணிக்குத் தங்களுடையதன் வால்வைத் திறப்பது என்று முதலாளி முடிவெடுத்திருந்தார். முடிவைச் சொன்ன பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் போய் தேநீர் போட்டுக்கொண்டார்.

இரண்டு பத்துக்கு மாடியில் ஆன்டெனா முனகிக்கொண்டே திரும்பியது. தோட்டக்காரர் ஒலிபெருக்கியில் இருந்தார். கணக்கம்மா அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். செயற்கைக்கோளின் வழக்கமான கீச்சொலி தெளிவாகக் கேட்டது. ஆனால் அது பாட்டுக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டு போனதே தவிர, இவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் ஓடிவிட்டது. ஆன்டெனா அடிவானத்தைப் பார்த்து நின்றது.

"பேட்டரியா இருக்குமோ?" என்றார் முதலாளி.

"இல்ல சார், குரல் நல்லாத்தானே இருக்கு." தோட்டக்காரர் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "நாலு மாசமா யாரும் அதுகூடப் பேசல. குளிர்ல அதோட காது கொஞ்சம் கீழ இறங்கும். அலைவரிசை நகர்ந்திருக்கும். எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன்."

"நோட்டு எங்க?"

"மேசையோட ஏலத்துல போயிடுச்சு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கணக்கம்மா பேனாவை எடுத்தாள். "எவ்வளவு நகர்ந்திருக்கும்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம் சார். எவ்வளவுக்கு மேல நகர்ந்திருக்காதுன்னு சொன்னாப் போதும்."

"அஞ்சு கிலோஹெர்ட்ஸுக்கு மேல போகாது. சத்தியமாச் சொல்றேன்."

"அப்போ ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸா இறங்கிக்கிட்டே அஞ்சு தடவை அனுப்புவோம். ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிஷம். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்." அவள் வக்கீலைப் பார்த்தாள். "அனுமதியில எவ்வளவு கீழ போகலாம்?"

வக்கீல் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "அஞ்சு வரைக்கும் போகலாம்க்கா. அதுக்கு மேல ஒரு புள்ளி போனாலும் அந்த பெஞ்சுலதான் நான் குடியிருக்கணும்."

மூன்று நாற்பத்தாறு. முதல் தடவை, பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, இல்லை. கணக்கம்மா நான்காவது தடவை அனுப்பி, மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு என்று எண்ணும்போது திரையில் ஒரு வரி புதிதாக வந்தது. கட்டளை ஏற்கப்பட்டது.

"வந்துடுச்சா?" என்றார் தோட்டக்காரர். அவருக்குத் திரை தெரியாது.

"வந்துடுச்சு அண்ணே" என்றாள் அவள். சார் எப்போது அண்ணே ஆனார் என்று அவளே கவனிக்கவில்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "நான்தான் சொன்னேனே, அது சொன்ன பேச்சைக் கேக்கும்னு."

நாற்பது நிமிடம் கழித்து, வானத்தில் எங்கோ, அந்த இயந்திரம் எட்டு வினாடி எரிந்து அணைந்தது. வேகத்தில் வந்த மாற்றம் வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற வேகம். ஆனால் வேகம் மாறினால் சுற்றுப்பாதையும் மாறி இடைவெளி சுற்றுக்குச் சுற்று கூடும்; மறுநாள் காலைக்குள் அந்த எறும்பு நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும் என்று கணக்கம்மா போட்டுவைத்திருந்தாள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு மையத்திலிருந்து வந்த புதிய செய்தியில் நான்கு புள்ளி ஒன்று என்று இருந்தது.

பதினொன்று நாற்பதுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எல்லோரும் அவரவர் வேலையை விட்டுவிட்டு அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்று ஆனது. தொலைபேசி அடித்தது. ரிசீவரம்மா.

"ஆச்சா?"

"ஆச்சு மேடம்."

"அவ்வளவுதானா? நான் காலையிலேர்ந்து இருப்புக் கொள்ளாம நடந்துக்கிட்டிருக்கேன்."

"அவ்வளவுதான் மேடம். ஒண்ணும் நடக்கலை. அதுக்குத்தான் இவ்வளவும்."

அவர் உடனே போனை வைக்கவில்லை. "மத்த ரெண்டும் இப்படித்தான் போய்க்கிட்டிருக்கா? யாரும் வாங்கலைன்னா எத்தனை நாள் மேலேயே இருக்கும்?"

"தானா விழணும்னா இருபது வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க."

"அதுவரைக்கும் நான் ரிசீவரா இருக்க முடியாது" என்றார் அந்த அம்மா.

அவர் நீதிமன்றத்துக்குப் போனார். இரண்டு மாதம் யாரும் வாங்க வரவில்லை. மூன்றையும் பாதுகாப்பாக இறக்கிவிடலாம் என்று உத்தரவு வாங்கினார். இந்தத் தடவை கடிதத்தை அவரே ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். இறக்கும் வேலை டயர் கடைக்கு மேலிருந்த ஆன்டெனாவில்தான் நடந்தது. அலைவரிசை அலுவலகம் அனுமதியை மூன்று முறை நீட்டித்தது. மூன்றாவது முறை வக்கீலுக்கு பெஞ்சுக்குப் பதில் நாற்காலி கிடைத்ததாம். அதை அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிச் செயற்கைக்கோளை இறக்கும் நாளில் தோட்டக்காரர் நேரிலேயே வந்தார். ரயிலிலும் பேருந்திலுமாக ஒன்றரை நாள் பயணம். கணக்கம்மா படியிறங்கிப் போய், டயர் அடுக்குகளுக்கு நடுவே நரைத்த தலை ஒன்றைத் தேடினாள். முப்பதைத் தாண்டாத, ஒல்லியான ஒருவன் தோள்பையோடு நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்களா? உங்களைப் போயா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேன்!"

"தொண்டை சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்க்கா. நீங்க அவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மேலே போனதும் முதலாளி அவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். கணக்கம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்கார வைத்தாள். கடைசிக் கட்டளையை அவனே அனுப்பினான். கப்பல்களும் விமானங்களும் விலகியிருக்கும்படி ஏற்கெனவே அறிவித்திருந்த கடற்பரப்புக்கு மேலே அது எரிந்து போக வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க யாராலும் முடியாது. அடுத்த சுற்றில் குரல் வருகிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறு நிமிடம் காத்திருந்தார்கள். ஆன்டெனா வழக்கமான பாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பியது. அவன் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடமும் அசையாமல் கேட்டான். கணக்கம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவான் என்று நினைத்தாள். அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"காலியா இருக்குக்கா" என்றான். குரலில் துக்கத்தைவிட, வாடகை வீட்டைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு ஒப்படைத்தவனின் நிம்மதிதான் தெரிந்தது. "அந்த இடம் இனிமே காலிதான்."

அவள் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு எல்லோருமாகச் சாப்பிடக் கீழே இறங்கினார்கள்.